தார் கடைசி வேலை: பழைய குடியிருப்புத் தெருவைப் புதுப்பிக்க ஒரு வழிகாட்டி

தென் சென்னையில் எங்கள் தெருவில் 1970-களில் கட்டிய ஒரு வீடு இருக்கிறது. அந்தக் காலத்தில் வாசலில் மூன்று படி ஏறித்தான் திண்ணைக்குப் போவோம் என்று அந்த வீட்டுப் பாட்டி சொல்வார். இப்போது தெருவிலிருந்து ஒரு படி இறங்கி உள்ளே போகிறோம். வீடு அங்கேயேதான் இருக்கிறது, ரோடு ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு தடவைக்கு 4 சென்டிமீட்டர் தார் என்று வைத்துக்கொண்டால்கூட, பழசைச் சுரண்டாமல் ஐந்து தடவை போட்டால் 20 சென்டிமீட்டர். ஒரு படிக்கட்டின் உயரத்தைவிட அதிகம். இப்படிப் பள்ளமாகிப்போன வீடுகளை ஜாக்கி வைத்துத் தூக்குவது சென்னையில் இன்று ஒரு தனித் தொழிலாகவே நடக்கிறது.

குடியிருப்போர் சங்கத்தில் புதிதாகப் பொறுப்பேற்றவர்கள், முதல்முறை கவுன்சிலர் ஆனவர்கள், படித்து முடித்து உள்ளாட்சி வேலைக்கு வந்திருக்கும் இளம் பொறியாளர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். பத்து வருடமாகத் தெரு வேலைகளின் பின்னால் அலைந்ததில் நான் புரிந்துகொண்டது ஒன்றுதான்: தெருவைக் கீழிருந்து மேலாகத் திட்டமிட வேண்டும். மட்டம், வடிகால், குழாய், கேபிள், நடைபாதை எல்லாம் முடிந்த பிறகுதான் தார். ஆனால் நம் ஊரில் பேச்சு தொடங்குவதே “எப்ப சார் ரோடு போடுவீங்க?” என்ற கேள்வியில்தான். அந்தக் கேள்விக்கு அவசரமாகக் கிடைக்கும் பதில்தான் அடுத்த மழையில் வீட்டுக்குள் வரும் தண்ணீர்.

உதாரணத்துக்குச் சென்னையை எடுத்துக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்த ஊர் அதுதான். துறைகளின் பெயர் மாறினாலும், வேலையின் வரிசை மதுரைக்கும் திருச்சிக்கும் இதேதான்.

முதல் படி: ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்ப்பது

சென்னைக்கு ஆண்டில் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கொட்டிவிடும். திட்டமிடும் வேலையை அந்த மூன்று மாதத்தில்தான் தொடங்க வேண்டும். கோடையில் எல்லாத் தெருவும் நன்றாகத்தான் தெரியும்.

குடையும் போனும் எடுத்துக்கொண்டு நல்ல மழையில் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து போங்கள். தண்ணீர் எந்தப் பக்கமாக ஓடுகிறது, எங்கே திரும்புகிறது, எந்த மேன்ஹோல் மூடியைத் தள்ளிக்கொண்டு மேலே வருகிறது என்று பாருங்கள். மழை நின்று ஒரு மணி நேரம் கழித்து மறுபடி போங்கள். அப்போதும் தேங்கி நிற்கும் இடங்களில் சுவர் ஓரமாகப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, படம் எடுத்து, தேதியும் நேரமும் குறித்து வையுங்கள். பிறகு பொறியாளரிடம் “எங்க தெருவுல தண்ணி நிக்குது” என்று சொன்னால் அது ஒரு புகார், அவ்வளவுதான். “நவம்பர் மாதம் மூன்று நாள், 14-ம் எண் வீட்டு வாசலில், கணுக்கால் அளவு, மறுநாள் காலைவரை” என்று படத்தோடு கொடுத்தால் அதை வைத்து அவர் எஸ்டிமேட் போடலாம்.

மழையில்லாத காலத்தில் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. மார்ச், ஏப்ரலில் மழைநீர் வடிகாலின் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் யாரோ திருட்டுத்தனமாக இணைத்த கழிவுநீர்தான். குடிநீர்க் குழாய்க் கசிவாகவும் இருக்கலாம். எதுவானாலும் கண்டுபிடித்து அடைக்காமல் புது வடிகால் கட்டினால், நாற்றமும் கொசுவும் புது வடிகாலுக்குக் குடிபெயரும்.

மண்ணையும் தெரிந்துகொள்ளுங்கள். தி.நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், பெரம்பூர், விருகம்பாக்கம் பக்கம் களிமண். சாந்தோம், அடையாறு, திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் மணல். கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கத்தில் கொஞ்சம் தோண்டினாலே பாறை. களிமண் தண்ணீரைக் குடிக்காது, நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும், மேலே போட்ட ரோடு வெடிக்கும். அங்கே அடித்தளத்துக்குச் செலவு அதிகம். மணலில் தண்ணீர் தானாக இறங்கிவிடும், அங்கே உறிஞ்சு கிணறுகளே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மணற்பகுதி மக்கள், எங்களுக்குக் கான்கிரீட் வடிகால் எதற்கு என்று பசுமைத் தீர்ப்பாயம் வரை போனதற்கு இந்த மண்தான் காரணம். ஒரே மாதிரி வரைபடத்தை எல்லாத் தெருவுக்கும் ஒட்டக்கூடாது.

இரண்டாம் படி: மட்டம் எடுப்பது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கொத்தனார்கள் வைத்திருக்கும் மட்டக்குழாய் தெரியும்தானே? கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்பதை வைத்து மட்டம் பார்ப்பார்கள். உள்ளே காற்றுக்குமிழி மட்டும் இருக்கக்கூடாது. சங்கத்தின் கையில் கொஞ்சம் பணம் இருந்தால் ஆட்டோ லெவல் கருவியோடு ஒரு சர்வேயரைக் கூப்பிடலாம். 200 மீட்டர் தெருவுக்கு அரை நாள் போதும்.

அசையாத ஒரு பொருளை ஆதாரப் புள்ளியாக எடுத்துக்கொள்ளுங்கள். கோயில் படி, பழைய பாலத்தின் கைப்பிடிச் சுவர், இப்படி ஏதாவது. அதன் உயரம் 100.00 மீட்டர் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டு, அங்கிருந்து 10 மீட்டருக்கு ஒரு இடத்தில் ரோட்டின் நடு, இரண்டு ஓரம், எல்லா மேன்ஹோல் மூடிகள், வடிகாலின் அடிமட்டம், ஒவ்வொரு வீட்டு வாசல்படி என்று உயரங்களைக் குறியுங்கள். வடிகாலின் அடிமட்டத்தை விட்டுவிடாதீர்கள், தண்ணீர் அங்கேதான் ஓடப்போகிறது. உங்கள் தெரு வடிகால் போய்ச் சேரும் பெரிய வடிகாலின் அடிமட்டமும் வேண்டும், அது அடுத்த தெருவில் இருந்தாலும் சரி.

எங்கள் தெருவில் இதைச் செய்யத் தவறினோம். புது வடிகால் கட்டினார்கள், மூடி போட்டார்கள், எல்லோருக்கும் சந்தோஷம். முதல் மழையிலேயே தண்ணீர் திரும்பி வந்தது. சந்தேகப்பட்டு மட்டக்குழாயை வைத்துப் பார்த்தால், வெளியேறும் முனை உள்ளே வரும் முனையைவிட ஒரு சாண் உயரம். ரோட்டின் மேடுபள்ளத்தைப் பார்த்து அதே போக்கில் ஒப்பந்ததாரர் கட்டிவிட்டார். கட்டிய கான்கிரீட்டை உடைக்க யாருக்கும் மனம் வரவில்லை. அந்த வடிகால் இன்றும் ஒரு நீளமான தொட்டியாகத்தான் இருக்கிறது. அரை நாள் வேலையில் தடுத்திருக்கலாமே என்று இன்றும் மனது அடித்துக்கொள்கிறது.

கணக்கு எளிது. வடிகாலுக்கு 1,000-க்கு 3 என்ற சரிவு கொடுத்தால், 200 மீட்டர் தெருவில் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 60 சென்டிமீட்டர் வித்தியாசம் வர வேண்டும். சென்னை தட்டையான ஊர், பல இடங்களில் அவ்வளவு கிடைக்காது. கிடைக்கவில்லை என்றால் தண்ணீரை இரண்டு பக்கமும் பிரித்துவிடலாம், வழியில் உறிஞ்சு கிணறு போடலாம், அல்லது பெரிய வடிகாலையே ஆழப்படுத்தச் சொல்லிக் கேட்கலாம். எது என்பதை இந்த உயரங்களைக் குறித்த மட்டத் தாள் சொல்லிவிடும்.

ரோட்டுக்கும் குறுக்குச் சரிவு வேண்டும். தார் ரோட்டுக்கு நடுவிலிருந்து ஓரத்துக்கு 100-க்கு 2 முதல் 2.5 வரை. அதாவது 5.5 மீட்டர் அகல ரோட்டில் நடுப்பகுதி ஓரத்தைவிட ஐந்தாறு சென்டிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். தாருக்குத் தண்ணீர்தான் எதிரி. லாரி போய்க் கெடும் ரோட்டைவிட, தண்ணீர் நின்று கெடும் ரோடுதான் குடியிருப்புப் பகுதிகளில் அதிகம்.

கடைசியாக, வாசல்படி உயரங்களில் எது மிகத் தாழ்ந்ததோ அதை வட்டமிடுங்கள். போட்டு முடித்த ரோட்டின் ஓரம் அந்த உயரத்தைவிடக் குறைந்தது 15 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும் என்பதைத் திட்டத்தின் முதல் வரியாக எழுதுங்கள். இது சட்டப் புத்தகத்தில் உள்ள எண் இல்லை, எங்கள் அனுபவத்தில் வைத்துக்கொண்டது. அதைத் தொட முடியாத தெருக்களும் உண்டு. அங்கேயும் எவ்வளவு சுரண்ட வேண்டும் என்று பேசுவதற்கு ஓர் எண் கையில் இருக்கும்.

மூன்றாம் படி: தெருவின் உண்மையான அகலம்

நில அளவை வரைபடத்தையும், லேஅவுட் போட்டு உருவான நகராக இருந்தால் அங்கீகரித்த வரைபடத்தையும் எடுத்துப் பாருங்கள். காகிதத்தில் 30 அடி இருக்கும் தெரு, நேரில் 22 அடியாக இருக்கும். காணாமல்போன அடிகள் எல்லாம் கார் ஏற்றும் சாய்தளமாகவும், ஜெனரேட்டராகவும், செடித்தொட்டியாகவும், படிக்கட்டாகவும் மாறியிருக்கும்.

இங்கே ஒரு வேண்டுகோள். ஆக்கிரமிப்பு என்ற வார்த்தையோடு முதல் கூட்டத்தைத் தொடங்காதீர்கள். ரோடு உயர்ந்ததால்தான் பலர் அந்தச் சாய்தளத்தையே கட்டினார்கள். மட்டம் பழையபடி இறங்கினால் அதற்குத் தேவையே இருக்காது. இதை விளக்கிச் சொன்னபோது எங்கள் தெருவில் பாதிப் பேர் தாங்களாகவே இடித்துக்கொடுத்தார்கள்.

30 அடி என்றால் 9.1 மீட்டர். அதில் என்ன வைக்கலாம்? நடைபாதையில் தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலமும், உயரம் 15 சென்டிமீட்டருக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்கிறது இந்தியச் சாலைக் காங்கிரஸின் பாதசாரிகளுக்கான வழிகாட்டி. இரு பக்கமும் சேர்த்து 3.6 மீட்டர். மீதி 5.5 மீட்டரில் வண்டி போக 3.5, ஒரு பக்கம் நிறுத்த 2. அழகாகப் பொருந்துகிறது. ஆனால் இரண்டு பக்கமும் கார் நிறுத்தும் பழக்கம் போக வேண்டும். இதைக் கூட்டத்தில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வேலை பாதியில் இருக்கும்போது சொன்னால் சண்டைதான் வரும்.

20 அடித் தெருவில், அதாவது 6.1 மீட்டரில், இரண்டு பக்கமும் நடைபாதை என்பது நடக்காது. பேருக்கு ஒன்றரை அடித் திட்டு கட்டி அதில் மின்கம்பத்தையும் நட்டால் யாரும் ஏற மாட்டார்கள். அங்கே முழுத் தெருவையும் ஒரே மட்டத்தில் போட்டு, வண்டி மெதுவாகத்தான் போக முடியும் என்ற மாதிரி அமைப்பதே நல்லது. சிமென்ட் பிளாக் தளம் இதற்கு நன்றாகப் பொருந்தும். தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் நுழையும் இடத்தை மட்டும் எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நான்காம் படி: தெருவைப் பயன்படுத்துபவர்கள் எல்லோரையும் கேட்பது

சங்கக் கூட்டத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆண்கள். தெருவை அதிகம் பயன்படுத்துபவர்கள் வேறு ஆட்கள். வீட்டு வேலைக்கு நடந்து வரும் பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், இஸ்திரி வண்டிக்காரர், காய்கறி வண்டிக்காரர், குப்பை எடுக்க வருபவர். தெருவோர வியாபாரிகளுக்கு 2014-ம் ஆண்டுச் சட்டம் உரிமை கொடுத்திருக்கிறது. இஸ்திரி வண்டி முப்பது வருடமாக வேப்பமரத்தடியில் நிற்கிறது என்றால், வரைபடத்தில் அந்த இடத்தை வரைந்துவிடுங்கள். பிறகு அவர் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

சின்னதாகத் தோன்றும் விஷயங்களும் இங்கேதான் வெளியே வரும். எங்கள் தெருவில் ஒரு அம்மா கேட்டார், “பிளாக் போட்டா வாசல்ல கோலம் எப்படிப்பா போடுறது?” நியாயமான கேள்வி. வாசலுக்கு நேரே வழுவழுப்பான சிமென்ட் தளம் விட்டுக்கொடுத்தோம். இன்னொன்று, பந்தல். கல்யாணமோ துக்கமோ, பந்தல்கால் ஊன்றத் தாரைக் கடப்பாறையால் குத்துகிறோம், அந்த ஓட்டையில் தண்ணீர் இறங்கி ஆறே மாதத்தில் பள்ளம். நடைபாதை ஓரத்தில் மூடியோடு நாலைந்து இரும்புக் குழாய்களைப் புதைத்து வைத்தால், கால் நட அதுவே போதும். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி மாதிரி சாமி புறப்பாடு வரும் தெருக்களில் மேலே போகும் வயர்களின் உயரத்தையும் பாருங்கள்.

சக்கர நாற்காலிக்கான சரிவு 12-க்கு 1, அதாவது 15 சென்டிமீட்டர் ஏற 1.8 மீட்டர் நீளம். ஒரு வீட்டு கேட்டுக்கும் அடுத்த கேட்டுக்கும் நடுவே நடைபாதையை இறக்கி ஏற்றி, இறக்கி ஏற்றிப் போட்டால் முதியவர்கள் ரோட்டில்தான் நடப்பார்கள். நடைபாதை ஒரே மட்டமாகப் போகட்டும், கார் ஏறி இறங்கட்டும்.

2022 நவம்பர் 1-ல், உள்ளாட்சி தினத்தன்று, தமிழ்நாட்டின் நகரங்களில் முதல்முறையாகப் பகுதி சபைக் கூட்டங்கள், அதாவது வார்டைப் பகுதிகளாகப் பிரித்து மக்களைக் கூட்டும் கூட்டங்கள், நடந்தன. உங்கள் தெருத் திட்டத்தை அங்கே வைத்துப் பதிவு செய்யுங்கள். சங்கத்தின் லெட்டர்ஹெட்டைவிடச் சபையில் பதிவான கோரிக்கைக்குக் கனம் அதிகம்.

ஐந்தாம் படி: மண்ணுக்கு அடியில்

சென்னையில் ரோடு, மழைநீர் வடிகால், தெருவிளக்கு மாநகராட்சியிடம். குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியத்திடம். கேபிளும் பில்லர் பாக்ஸ் என்ற தெருவோர மின்பெட்டியும் மின்வாரியத்திடம். இவை போக டெலிபோன், இன்டர்நெட் நிறுவனங்கள், இப்போது சமையல் எரிவாயுக் குழாயும் வரத் தொடங்கியிருக்கிறது. எல்லோருக்கும் ஒரே மண்தான், ஆனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வருடத்தில் நிதி வருகிறது. புது ரோடு போட்ட இரண்டே மாதத்தில் வெட்டுவது இதனால்தான். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, சொல்லிக்கொள்வதில்லை என்பதுதான் கோளாறு.

எனவே ரோடு போடுவதற்கு ஒரு வருடம் முன்பே ஒவ்வொரு துறைக்கும் எழுத்துமூலம் கேளுங்கள்: “அடுத்த ஐந்து ஆண்டுகளில் இந்தத் தெருவில் உங்களுக்கு வேலை உண்டா?” பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடலாம், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். முடிந்தால் எல்லாத் துறைப் பொறியாளர்களையும் ஒரே நாளில் தெருவுக்கு வரவழையுங்கள். கவுன்சிலர் கூப்பிட்டால் வருவார்கள். நாற்காலி போட்டு மேசையில் பேசுவதைவிட, தெருவில் நின்று சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டே பேசினால் காரியம் வேகமாக நடக்கும்.

பழைய தெருக்களில் கழிவுநீர்க் குழாய் பல இடங்களில் பீங்கான் குழாய்தான். அதன் இணைப்புகளில் வேர் நுழைந்திருக்கும், சில இடத்தில் உடைந்தே போயிருக்கும். கேமராவை உள்ளே விட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறது, கேட்டுப் பெறுங்கள். பிரதானக் குழாயை மட்டும் மாற்றிவிட்டு வீட்டு இணைப்புகளை அப்படியே விட்டுவிட்டால், ஒவ்வொரு வீடாகப் பின்னால் ரோட்டை வெட்டுவார்கள். “இணைப்பை மாற்ற விரும்புகிறவர்கள் இந்தத் தேதிக்குள் மாற்றிக்கொள்ளுங்கள்” என்று வீட்டுக்கு வீடு நோட்டீஸ் கொடுங்கள். காலிமனை இருந்தால் அதற்கும் ரோட்டைத் தாண்டி ஓர் இணைப்பை இப்போதே கொண்டுவந்து மூடி வைத்துவிடுங்கள். இன்றில்லாவிட்டாலும் நாளை அங்கே அடுக்குமாடி வரத்தான் போகிறது.

இதோடு 30 மீட்டருக்கு ஒன்றாக ரோட்டுக்குக் குறுக்கே இரண்டு வெற்றுக் குழாய்கள் புதைத்து, இரு முனையையும் அடைத்து வைக்கச் சொல்லுங்கள். நாளைக்கு எந்தக் கேபிள் வந்தாலும் அதன் வழியே இழுத்துக்கொள்ளலாம். மொத்தச் செலவில் இது ஒன்றுமே இல்லை. பெங்களூரில் டெண்டர்ஷூர் என்ற பெயரில் சில சாலைகளை இப்படித்தான் குழாய், கேபிள் எல்லாவற்றுக்கும் முதலில் இடம் ஒதுக்கிவிட்டு மறுபடி கட்டினார்கள்.

பள்ளம் மூடுவதையும் பக்கத்தில் நின்று பாருங்கள். தோண்டிய மண்ணை அப்படியே தள்ளி மேலே ஜேசிபியை ஒருமுறை ஓட்டினால், முதல் மழையில் கோடு போட்டது போல உள்ளே இறங்கும். 20 சென்டிமீட்டருக்கு ஒரு அடுக்காகப் போட்டு, நனைத்து, இடித்துக்கொண்டே வர வேண்டும்.

மரங்கள் இருந்தால், அடிமரத்தைச் சுற்றிக் குறைந்தது 1 மீட்டர் கான்கிரீட் இல்லாமல் விடுங்கள். டெல்லியில் மரங்களின் கழுத்துவரை போட்டிருந்த கான்கிரீட்டை அந்த அளவுக்கு எடுக்கச் சொல்லி 2013-ல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. வடிகாலுக்குக் குழி வெட்டும்போது பெரிய வேரை ஜேசிபியால் பிய்த்துவிட்டால், அடுத்த புயலில் மரம் யார் வீட்டின் மேல் விழும் என்பது மட்டும்தான் கேள்வி. மரத்தருகே வடிகால் சற்று வளைந்து போகட்டும்.

ஆறாம் படி: தாரா, சிமென்டா, பிளாக்கா?

கீழே வேலை எல்லாம் உறுதியாக முடிந்துவிட்டதா? அப்படியானால் சிமென்ட் ரோடு நீண்ட நாள் உழைக்கும். முடியவில்லை என்றால் சிமென்ட் வேண்டவே வேண்டாம். வெட்டினால் பழையபடி சேராது. போட்டால் குறைந்தது 14 நாள் தண்ணீர் கட்டி ஆறவிட வேண்டும், அதுவரை கார்களுக்கு வேறு இடம் பார்க்க வேண்டும். பிளாக் தளத்தை வேலை வந்தால் கழற்றி மறுபடி அடுக்கலாம். வண்டி போகும் தெருவுக்கு 80 மில்லிமீட்டர் கனம் கேளுங்கள், 60 நடைபாதைக்குப் போதும். குறுகலான தெருவுக்கு என் வோட்டு பிளாக்குக்குத்தான். 30 அடிக்கு மேல் போனால் தார்.

எதுவானாலும் போடும் முன் இரண்டு மூன்று இடங்களில் சோதனைக் குழி வெட்டி அடுக்குகளைப் பார்க்கச் சொல்லுங்கள். மேல்தார் மட்டும் கெட்டிருக்கிறதா, அடியில் ஜல்லியும் போய்விட்டதா என்பது அப்போதுதான் தெரியும். மேலே மட்டும் என்றால் மில்லிங் செய்து, அதாவது பழைய தாரைச் சுரண்டி எடுத்து, புது மேல்தளம் போடலாம். ஜல்லிக்குள் சேறு ஏறியிருந்தால் முழுவதும் தோண்டித்தான் ஆக வேண்டும்.

மில்லிங் பற்றிச் சங்கத்தில் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, எடுத்த அளவுக்குத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். பெரிய இயந்திரம் குறுகிய தெருவுக்குள் வராது என்பார்கள். சிறிய இயந்திரமோ, ஜேசிபியால் பெயர்ப்பதோ எதுவாக இருந்தாலும், எத்தனை சென்டிமீட்டர் எடுக்க வேண்டும் என்பது எஸ்டிமேட்டில் இருக்க வேண்டும். அந்த எண்ணை இரண்டாம் படியில் எடுத்த மட்டத் தாளிலிருந்து கொடுங்கள். எவ்வளவு போட்டோமோ அவ்வளவு எடுப்பது புதிதாக உயராமல் தடுக்கும், ஏற்கெனவே ஏறிய உயரத்தைக் குறைக்காது. பழைய பாவத்தையும் சேர்த்துக் கழிக்க வேண்டுமானால் அதிகமாக எடுக்க வேண்டும், அப்போது மேன்ஹோல் கழுத்துகளையும் இறக்க வேண்டியிருக்கும். அதற்கும் எஸ்டிமேட்டில் இடம் கேளுங்கள்.

வேகத்தடை இஷ்டத்துக்குக் கட்ட வேண்டாம். விதிப்படி அது 3.7 மீட்டர் அகலத்தில் 10 சென்டிமீட்டர் உயரும் மென்மையான மேடு. நாம் பல தெருக்களில் பார்ப்பது முதுகை உடைக்கும் குட்டிச்சுவர்.

ஏழாம் படி: நாள் குறிப்பது

நவம்பர், டிசம்பரில் தண்ணீரைப் பார்த்தாயிற்று. ஜனவரியில் மட்டம், கூட்டங்கள். சென்னையில் பருவமழையை முன்னிட்டுச் செப்டம்பர் கடைசியோடு சாலை வெட்டுக்குத் தடை போடுவது வழக்கம். அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். தார் ஆகஸ்டுக்குள் முடிய வேண்டும், குழாயும் வடிகாலும் மே மாதத்துக்குள். டெண்டர், வொர்க் ஆர்டர் எல்லாம் அதற்கு முன். ஆக, பெரும்பாலான தெருக்களுக்கு இது இரண்டு வருடத் திட்டம். முதல் வருடம் கீழே, இரண்டாம் வருடம் மேலே. நடுவில் ஒரு மழைக்காலம் வருவது நல்லதுதான், மூடிய பள்ளங்கள் எங்கெல்லாம் இறங்குகின்றன என்பதை அந்த மழை காட்டிவிடும். அதுவரை ரோடு மோசமாகத்தான் இருக்கும். இதை மக்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எட்டாம் படி: வேலை நடக்கும் நாளில்

எஸ்டிமேட் நகல், வொர்க் ஆர்டர் நகல் கையில் இருக்கட்டும். குறைபாடு வந்தால் ஒப்பந்ததாரர் எத்தனை காலத்துக்குச் சரிசெய்து தர வேண்டும் என்பதும் அதில் இருக்கும்.

லாரிகளை எண்ணுங்கள். 200 மீட்டர் நீளம், 5.5 மீட்டர் அகலம், 4 சென்டிமீட்டர் கனம் என்றால் 44 கன மீட்டர். இறுகிய தார்க் கலவை ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2.4 டன். மொத்தம் 105 டன். ஒரு டிப்பரில் 16 டன் வந்தால் ஆறு, ஏழு நடை. நான்கு நடையில் வேலை முடிந்துவிட்டால் கனம் எங்கோ குறைந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போதே கேளுங்கள், ரோலர் போன பிறகு கேட்டுப் பயனில்லை.

கலவை வரும்போது சூட்டைக் கேளுங்கள். வழக்கமாகப் போடும் விஜி-30 என்ற வகைத் தாருக்கு விரிக்கும்போது குறைந்தது 140 டிகிரி செல்சியஸ் வேண்டும், உருட்டி முடிக்கும்போது 90-க்குக் கீழே போகக்கூடாது. இரவு வேலையில் லாரி டிராஃபிக்கில் மாட்டி நேரமாகிவிட்டால் கலவை ஆறிவிடும், உருட்டினாலும் இறுகாது. ஒப்பந்ததாரரிடமே வெப்பமானி இருக்கும், காட்டச் சொன்னால் காட்டுவார்கள். மரியாதையாகக் கேளுங்கள். வெயிலிலும் தார்ச் சூட்டிலும் நிற்கும் தொழிலாளர்களுக்கு மோரும் தண்ணீரும் கொடுங்கள், நிழலில் உட்கார இடமும் கொடுங்கள். நம் தெருவுக்காக உழைக்கிறார்கள்.

மில்லிங் முடிந்து தார் போடும்வரை மேன்ஹோல்கள் துருத்திக்கொண்டு நிற்கும். அந்த இரவுகளில்தான் பைக்கில் வருபவர்கள் விழுகிறார்கள். ஒவ்வொன்றின் மேலும் சிவப்புத் துணி கட்டிய கம்பை நிறுத்தி, இடைவெளி இரண்டு மூன்று நாளைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம்

முதல் மழையில் மறுபடி குடையோடு நடங்கள். பழைய பெயிண்ட் கோடுகள் சுவரில் இன்னும் இருக்கும், அதே இடங்களில் படம் எடுங்கள். தண்ணீர் நின்றால் உத்தரவாதக் காலத்துக்குள் எழுத்தில் கொடுங்கள், மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணிலும் புகாரைப் பதிந்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு மட்டத்தை இன்னொரு முறை எடுத்து, புது ரோட்டின் உயரத்தைத் தெருவில் மூன்று இடங்களில் காம்பவுண்ட் சுவரில் கல் பதித்துக் குறித்துவிடுங்கள். எங்கள் தெருவில் அந்தப் பாட்டி வீட்டுத் திண்ணையோரம் ஒரு சின்ன கடப்பைக்கல் பதித்திருக்கிறோம். அதில் ஒரு கோடும், வருடமும், “ரோடு இதற்கு மேல் வரக்கூடாது” என்ற வரியும் இருக்கிறது. போன மாதம் கேபிள் வேலைக்கு வந்த இளம் பொறியாளர் அதைப் பார்த்துவிட்டு, குழியை மூடும் முன் என்னைக் கூப்பிட்டு மட்டக்குழாய் இருக்கிறதா என்று கேட்டார்.